காலைக் கட்டிப்போட்ட சாம்பியன்

தூக்கம் வராம சான்டெல் கேமரன் சண்டை வீடியோ பார்த்துட்டு இருக்கேன்.

இங்கிலாந்து, நார்தாம்டன்காரங்க.
முதல்ல கிக்பாக்ஸிங். அப்புறம்தான் குத்துச்சண்டை.
அதாவது, பழகின ஆயுதத்துல பாதியைக் கீழ வெச்சுட்டு வந்தவங்க.
இங்க காலால உதைச்சா ஃபவுல்!

2022-ல சூப்பர் லைட்வெயிட் எடைப்பிரிவோட நாலு முக்கிய உலக சாம்பியன் பெல்ட்டும் இவங்ககிட்ட.
2023 மே, டப்ளின். தொழில்முறைப் போட்டியில தோல்வியே பார்க்காத அயர்லாந்து வீராங்கனை கேட்டி டெய்லரை, அவங்க நாட்டு ரசிகர்கள் முன்னாடியே ஜெயிச்சாங்க.
நவம்பர்ல அதே ஊர்ல மறுபடி மோதல். இந்தத் தடவை டெய்லர் ஜெயிச்சுட்டாங்க.

ஜெயிச்ச ஊருக்கே திரும்பிப் போய்த் தோக்கவும் ஒரு தில்லு வேணும்ல?

நானெல்லாம் ஆபீஸ்ல சீட்டு மாத்தினதுக்கே நாள்கணக்கா புலம்பின ஆளு.

கைவந்த வித்தையை விட்டுட்டு, புதுசா ஒண்ணை முதல்லேருந்து ஆரம்பிக்க உங்கள்ல யாருக்கெல்லாம் தைரியம் இருக்கு?