குறை கூறும் அன்பர்கள்

அன்புடையார் புகழ்வர், அன்பிலார் பழிப்பர் என்பது உலகத்தார் பொதுவாகக் கொண்டுள்ள எண்ணம். இவ்வெண்ணத்தைத் தலைகீழாகப் புரட்டிக் காட்டும் கூட்டம் ஒன்றுண்டு. நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. ஒரு விளையாட்டை உயிரெனப் போற்றும் இவர்கள் அதனைப்பற்றி வாய் திறந்தால், முதலில் வெளிவருவது குறையாகவே இருக்கும். அவ்விளையாட்டைக் கண்ணாலும் பாராதவரோ அதன்மேல் ஒரு பழிச்சொல்லும் சொல்லார். நேசிப்பவன் ஏசுகிறான், நேசியாதவன் வாளாவிருக்கிறான். இதன் காரணம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன். பகலெல்லாம் செம்பனைக் குலைகளின் எடையையும் வேலையாட்களின் பெயர்ப் பதிவையும் எழுதுகின்ற கை, சனிக்கிழமை இரவில் பட்டணத்து நண்பர் ஒருவர் வீட்டில் பகடை உருட்டுகின்றது. ஆங்கிலவழிக் கல்வி கற்றவனாதலால், விதிநூல்களைப் படித்துப் பொருள் கூறும் பணி என் தலையில் விழுந்தது. விதிகளை ஆங்கிலத்தில் படிக்கிறோம். குறைகளைத் தமிழில் கூறுகிறோம்.

விளையாட்டு இன்னதென்று அறியாத நேயர்களுக்காகச் சில சொற்கள். ஒரு மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்கின்றனர். ஒருவர் கதையை நடத்துகின்றார். கூத்துக்கு வாத்தியார் எவ்வாறோ, இதற்கு அவர் அவ்வாறு. ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாவர்: ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வன். அரிதாரமில்லை, மேடையில்லை, அனைத்தும் வாய்ச்சொல்லாலேயே நடைபெறும். “பாழ்ங்கோட்டையின் கதவு அடைத்திருக்கிறது, என்ன செய்கின்றீர்கள்?” என நடத்துநர் வினவுவார். “உதைத்துத் திறப்பேன்” என்பான் வீரன். கதவு திறந்ததா, கால் வலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்ப்புச் சொல்லும். எத்தனை விழுந்தால் திறக்கும் என்பதை விதிநூல் வரையறுக்கும். இதில் வென்றவர் தோற்றவர் என்றில்லை. கதை வாரக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் வளர்ந்துகொண்டே போகும்.

இவ்வகை விளையாட்டுகளுள் அச்சேறி விற்பனைக்கு வந்த முதலாவது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது. 1974-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து அது வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அதனை இயற்றினர். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள்; முதலில் அச்சிட்டவை ஆயிரம் பெட்டிகளே. பெட்டி திறந்த கையோடு குறைகளும் பிறந்தன. இரும்புக் கவசம் அணிந்தவன்மேல் அடி விழுவது அரிது என்பது அதன் விதி. விழுந்துவிட்டாலோ, கவசம் பூண்டவனுக்கும் வெறும் மேனியனுக்கும் ஒரே அளவு காயம்! கவசம் அடியைத் தாங்குவதற்கா, அல்லது அடிக்கு விலகி ஓடுவதற்கா என்று ஆடினோர் கேட்டனர். மந்திரவாதியின் கதை இன்னும் வேடிக்கை. ஒரு மந்திரத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் அஃது அவன் நினைவைவிட்டு அகன்றுவிடும். மீண்டும் ஏட்டைப் பார்த்து மனனஞ் செய்தாலன்றித் திரும்பாது. ஜாக் வான்ஸ் என்னும் ஆசிரியரின் கதைகளிலிருந்து எடுத்த கருத்து இது. தேர்வு முடிந்ததும் பாடத்தை மறக்கும் பள்ளிச் சிறுவனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு என்று சிரித்தோர் பலர். சிரித்துவிட்டு மறுவாரமும் அதே மந்திரவாதியாகவே ஆடினர்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, “இத்தனை ஓட்டை உள்ள விளையாட்டை ஏன் கட்டி அழுகிறீர்? கேரம் பலகை இல்லையா?” என்றார். கேள்வி நியாயமானதே. கேரம் பலகையில் காய் ஓடாவிட்டால் சிறிது மாவு தூவினால் தீர்ந்தது. எங்கள் குறைகள் மாவுக்கு அடங்குபவை அல்ல.

குறை கூறுவோர் பிறவியிலேயே சிடுசிடுப்புள்ளவர் என்பர் சிலர். பணங்கொடுத்து வாங்கிய பொருளாதலால் கணக்குப் பார்க்கின்றனர் என்பர் வேறு சிலர். இரண்டும் பொருந்தா. சிடுசிடுப்பே காரணமெனின், அதே மனிதர் ஐந்து மணி நேரம் வயிறு குலுங்கச் சிரித்து ஆடுவானேன்? பணமே காரணமெனின், பிடிக்காத நூலை அலமாரியில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பாரன்றோ? இரவெல்லாம் கண்விழித்து அதனைத் திருத்தி எழுதுவானேன்?

உண்மைக் காரணம் இவ்விளையாட்டின் இயல்பிலேயே உள்ளது. திரைப்படம் முடிந்துபோன பொருள். அதனைப் பார்ப்பவர் விரும்பலாம், வெறுக்கலாம், ஆனால் திருத்த இயலாது. இவ்விளையாட்டோ பாதியளவே அச்சாகி வருகின்றது. மறுபாதியை ஆடுவோரே ஒவ்வோர் இரவும் செய்து முடிக்க வேண்டும். உங்கள் விருப்பத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்னும் கருத்துப்படவே 1974-ஆம் ஆண்டின் நூல்களும் பேசின. ஆகவே, விதிநூல் ஒரு விற்பனைச் சரக்கு மட்டுமன்று. அஃது ஒரு கருவி. பால்மரம் வெட்டும் கத்தியைக் கடைக்காரன் குறை கூறமாட்டான். விடியுமுன்னே நெற்றி விளக்கோடு மரத்தண்டை நிற்பவனே கூறுவான். பிடி வழுக்குகிறது, முனை மழுங்குகிறது என்று அவன் சொல்வது கத்தியின்மேல் உள்ள வெறுப்பாலன்று. நாளையும் அதனோடு மரத்துக்குப் போகவேண்டியவன் அவன், ஆதலால் சொல்லுகின்றான்.

இக்குறைகளால் விளைந்த பயனைச் சிறிது பார்ப்போம். 1975-ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலத்துக் கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர் இவ்விதிகளைப் படித்துப் பார்த்தார். தலையும் வாலும் விளங்கவில்லை. விந்தைப் பகடைகளும் அவர் கையில் இல்லை. வீட்டிலிருந்த சாதாரண ஆறுமுகப் பகடைகளைக் கொண்டே ஆடுமாறு ‘டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ்’ என்னும் புது விளையாட்டைத் தாமே எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் லீ கோல்ட் என்னும் அம்மையார், ஆடுவோர் எழுதி அனுப்பும் குறைகளையும் திருத்தங்களையும் தொகுத்து ஒரு மாத வெளியீட்டைத் தொடங்கினார். அஃது ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடந்தது. கவசத்தைப் பற்றிய குறை 1978-ஆம் ஆண்டில் ‘ரூன்குவெஸ்ட்’ என்னும் விளையாட்டில் கனியாயிற்று. அதில் கவசம் அடியின் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். அதனை ஆக்கியோருள் ஒருவராகிய ஸ்டீவ் பெரின், பொழுதுபோக்குக்காகக் கவசம் பூண்டு போலிப் போர் புரியும் சங்கமொன்றைச் சேர்ந்தவர். உடம்பில் இரும்பின் பாரத்தை உணர்ந்தவர் கூறிய குறை அது, வெறும் வாய்ப்பேச்சன்று.

எல்லாக் குறைக்கும் உடனே விடை கிடைத்ததென்று எண்ணற்க. முதற்பதிப்பில் கவசமில்லாதவனுக்குரிய எண் 9. முழுக் கவசமும் கேடயமும் பூண்டவனுக்குரிய எண் 2. எண் குறையக் குறையக் காவல் மிகுமாம்! புதிதாக வந்தோரெல்லாம் இவ்விடத்தில் தடுக்கி விழுந்தனர். எண் ஏற ஏறக் காவல் ஏறும் என்று இதனைத் திருப்பியமைத்தது 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு. இடையில் கழிந்தவை 26 ஆண்டுகள். அத்தனை காலமும் முணுமுணுத்துக்கொண்டே கழித்தலும் கூட்டலும் போட்டு ஆடியவர்கள் விளையாட்டின் பகைவராக இருந்திருக்க முடியுமா?

நிற்க. குறை கூறுபவன் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்பது என் கட்சியன்று. மந்திரவாதி வளர வளர மலையையும் பெயர்ப்பான், போர்வீரனோ என்றும் வாளை வீசிக்கொண்டே நிற்பான் என்பது நெடுநாளைய குறை. 2008-ஆம் ஆண்டில் வந்த நான்காம் பதிப்பு அதற்குச் செவிசாய்த்தது. எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே வகைச் சட்டத்தில் ஆற்றல்களை வகுத்துச் சமன் செய்தது. கேட்டது கிடைத்தது; ஏசல் இரட்டித்தது! எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தது போலாகிவிட்டனர் என்று பலர் பழைய விதிகளுக்கே திரும்பினர். அப்பழைய விதிகளைத் திருத்தி 2009-ஆம் ஆண்டில் பைசோ நிறுவனம் வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர்’ அவர்களுக்குப் புகலிடமாயிற்று. பின்னர் 2012-ஆம் ஆண்டு முதல் வரைவு விதிகளை ஆடுவோர் கையிலேயே கொடுத்துச் சோதித்து, 2014-ஆம் ஆண்டில் ஐந்தாம் பதிப்பைக் கொணர்ந்தனர். வலிக்கும் இடம் நோயாளிக்குத் தெரியும். மருந்தும் அவனுக்குத் தெரியுமென்று கொள்ளலாகாது. ஆயினும், வலிக்கிறதென்று அவன் சொன்னாலன்றி மருத்துவன் எவ்விடத்தைத் தொடுவான்?

2023-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இக்குறைகாரர்களின் உண்மை உள்ளம் வெளிப்பட்டது. விளையாட்டுக்கு உரிமை பூண்ட விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், அடிப்படை விதிகளைக் கொண்டு பிறரும் நூல் வெளியிடலாம் என 2000-ஆம் ஆண்டிலிருந்தே திறந்த உரிமம் வழங்கி வந்தது. அவ்வுரிமத்தை நீக்கிப் பெரிய வெளியீட்டாளரிடம் பங்கு கேட்கும் புது வரைவொன்று அப்போது வெளியில் கசிந்தது. கவசத்தைக் குறை கூறியவரும் மந்திரவாதியை எள்ளியவரும் அன்று ஒரே வரிசையில் நின்றனர். பலர் அந்நிறுவனத்துக்குக் கட்டிவந்த சந்தாவை நிறுத்தினர். நிறுவனம் கருத்துக் கேட்டபோது 15,000 பேருக்கு மேல் விடை எழுதினர். பெரும்பாலோர் வேண்டா என்றனர். சனவரி 27-ஆம் நாள் பழைய உரிமம் நிலைக்குமென அறிவிக்கப்பட்டது. அடிப்படை விதிகளும் திரும்பப் பெறவியலாத பொது உரிமத்தின்கீழ் வைக்கப்பெற்றன. புகழ்ந்து மட்டுமே பழகியவர்களுக்கு அத்தனை விரைவில் நா எழுந்திருக்குமா என்பது ஐயமே.

ஆதலின், அஞ்சத்தக்கது குறையன்று, மௌனம். இதனை எங்கள் மேசையிலேயே கண்டேன். பட்டணத்தில் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எங்களோடு ஆடிவந்தார். பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட ஏடொன்றை எப்போதும் கையில் கொண்டுவருவார். சென்ற வாரம் இந்த விதி கெடுத்தது, அந்த விதி தடுத்தது என்று சிவப்பு மையில் திருத்தங்கள் எழுதியிருப்பார். அவர் வாதாடத் தொடங்கினால் ஆட்டம் அரைமணி நேரம் நின்றுபோகும். ஒரு காலத்தில் அவர் வாதாடுவதை விட்டுவிட்டார். எதைக் கேட்டாலும், “சரி தம்பி, அப்படியே இருக்கட்டும்” என்பார். மேசையில் அமைதி நிலவியது, மற்றவர்களுக்கு மகிழ்ச்சி. எனக்கு மட்டும் அச்சம் தட்டியது. இரண்டு மாதத்தில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். ஏனென்று கேட்டதற்கு வேலை மிகுதி என்றார். ஏட்டை என்னிடம் கொடுத்து, “உங்களுக்குப் பயன்படும்” என்றார். அவர் இன்றுவரை திரும்பவில்லை. அவர் எழுதிய திருத்தங்களைக் கொண்டே நாங்கள் இன்றும் ஆடுகிறோம்.

குறையால் கேடே இல்லையென்று சொல்லவும் மாட்டேன். கல்லூரி மாணவியான தங்கை ஒருத்தி முதன்முறை வந்தபோது, அன்றிரவு முழுதும் எங்கள் ஏசலையே கேட்டாள். புறப்படுகையில், “அண்ணே, இவ்வளவு மோசமென்றால் நான் புத்தகம் வாங்க வேண்டாமா?” என்று கேட்டாள். வீட்டார் தமக்குள் கூறும் குறை, வாயிலில் நிற்கும் விருந்தினர் செவியில் விழுந்தால் அவர் திரும்பிப் போய்விடுவார் அன்றோ? அன்றே ஒரு விதி செய்தோம்: புதியவர் வந்தால் முதல் மூன்று வாரம் எவரும் குறை கூறலாகாது. விதி கடினந்தான், எனினும் காத்தோம். நான்காம் வாரம் அவளே பகடையைக் கீழே வைத்துவிட்டு, “இரும்புச் சட்டை போட்டவனுக்கும் ஏன் அதே காயம்? இது நியாயமா?” என்றாள். அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் கேட்ட அதே கேள்வி! அவள் விருந்தினர் நிலை கடந்து வீட்டாருள் ஒருத்தி ஆகிவிட்டாள் என்பதை அப்போது அறிந்தோம். அண்ணனின் ஏட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கவசத்துக்கு அவர் எழுதிய திருத்தம் அதில் இருந்தது. அதனைப் படித்து அதிலும் ஒரு குறை கண்டாள்.

நேயர்காள்! தாம் விரும்பும் ஒன்றைப்பற்றி ஒருவர் குறை கூறக் கேட்டால், உடனே அவரைப் பகைவரென முடிவு கட்டாதீர்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதைக் கேளுங்கள். சொன்ன மருந்து தவறாயினும் வலி பொய்யாகாது. பிறகு, அடுத்த சனிக்கிழமையும் அவர் வருகிறாரா என்று பாருங்கள். வருகிறவர் நம்மவர்.