தண்ணிக்குள்ள ஸ்கூட்டர் ஓட்டின கதை

ஸ்கூட்டர்னு சொன்னதும் ஆக்டிவாவை நினைச்சுக்காதீங்க மக்களே. இது கடலுக்கு அடியில ஓட்டுற ஸ்கூட்டர். ஒரு பேட்டரி, ஒரு மோட்டார், ஒண்ணோ ரெண்டோ ப்ரொப்பெல்லர், அவ்வளவுதான். கைப்பிடியைப் பிடிச்சு பொத்தானை அமுக்கினா அது முன்னால இழுக்கும், நாம பின்னால தொங்கிக்கிட்டே போகலாம். தண்ணிக்குள்ள காலை உதைச்சு உதைச்சு முட்டி தேஞ்சவங்களுக்குத்தான் இதோட அருமை புரியும்.

வாரம் அஞ்சு நாள் பொட்டி தட்டிட்டு, மார்ச் மாசம் தண்ணி தெளிஞ்சதும் பாண்டிச்சேரிக்கு ஸ்கூபா பண்ணக் கிளம்பிடுறது நம்ம வழக்கம். இந்தத் தடவை நானும் நண்பனும் ஆளுக்கொரு ஸ்கூட்டரோட போனோம். என்னோடது புத்தம் புதுசு. கைக்கு அடக்கமா ரெண்டு குட்டி ப்ரொப்பெல்லர், 122 வாட்-அவர் பேட்டரி. விமானத்துல 100 வாட்-அவர் வரைக்கும் லித்தியம் பேட்டரியை கைப்பையில கொண்டு போகலாம், அதுக்கு மேல 160 வரைக்கும் ஏர்லைன் அனுமதி வேணும், அதையும் தாண்டினா பயணிக்கு அனுமதியே கிடையாது. அதனாலதான் இந்தக் குட்டி மாடல்கள்ல பேட்டரியும் குட்டியாவே இருக்கு. நண்பனோடது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கிழட்டு யானை. பதினெட்டு கிலோ, ஒரே ஒரு பெரிய ப்ரொப்பெல்லர்.

பொறியாளனாச்சே, சும்மா இருப்பேனா? எக்செல் ஷீட் ஒண்ணு போட்டேன். வேகம்: என்னோடது நொடிக்கு 1.5 மீட்டர், அவனோடது 1.1. எடை, விலை, லுக்கு எல்லாத்துலயும் ஜெயிச்சது நான்தான். அவனை ஓட்டின ஓட்டு இருக்கே, அதை இங்க எழுத முடியாது.

சனிக்கிழமை நிஜமாவே அளந்து பார்த்தோம். மணல் தரையில 50 மீட்டர் கயிறை விரிச்சு, முழு கியரோட போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்டினோம். நீரோட்டத்தைக் கழிக்கறதுக்காக ரெண்டு வேகத்தையும் சராசரி எடுத்தோம். (நேரத்தை சராசரி எடுத்தா விடை தப்பா வரும். வீட்ல உக்காந்து போட்டுப் பாருங்க.) என்னோடது நொடிக்கு 1 மீட்டர். அவனோடது அதைவிட ஒரு நூல் கம்மி. அடப்பாவிகளா, என்னோட மீதி அரை மீட்டர் எங்கய்யா போச்சு?

எங்கேயும் போகல. பெட்டில போடுற வேகம், பெரும்பாலும் நீச்சல் டிரஸ்ல நேரா நீட்டிப் படுத்த ஒல்லி ஆளுக்கானது. நம்ம முதுகுல சிலிண்டர், நெஞ்சுல ஜாக்கெட், பக்கவாட்டுல ஆடுற ஹோஸ், அதுக்கு மேல நம்ம தொப்பை வேற. தண்ணி காத்தை விட சுமார் 800 மடங்கு அடர்த்தி. வேகம் ரெண்டு மடங்கானா இழுவை நாலு மடங்கு, அதுக்கு வேணுங்கிற பவர் எட்டு மடங்கு. அதாவது அதே பேட்டரி எட்டுல ஒரு பங்கு நேரந்தான் ஓடும், போற தூரமும் நாலுல ஒண்ணாயிடும். அரை மீட்டர் வேகத்துக்கு ஆசைப்பட்டு பெரிய மோட்டார் வாங்குறதை விட, தொங்குற ஹோஸை ஒழுங்கா கட்டுறது லாபம். இழுவையை 20 சதவீதம் குறைச்சா அதே ஸ்கூட்டர் சுமார் 12 சதவீதம் வேகமா போகும், அதுவும் செலவே இல்லாம!

அப்புறம் படகுக்கார அண்ணன் கிட்ட மீன் எடை போடுற ஸ்பிரிங் தராசைக் கடன் வாங்கி, ஸ்கூட்டரைக் கயிறுல கட்டி, நின்ன இடத்துலயே எவ்வளவு இழுக்குதுன்னு பார்த்தோம். என்னோடது 9 கிலோ, கிழட்டு யானை 14. பெரிய ப்ரொப்பெல்லர் மெதுவா நிறைய தண்ணியைத் தள்ளும், அதனால அதே பவருக்கு இழுவை அதிகம். ஒண்ணு பல்சர், இன்னொண்ணு டிராக்டர்னு வச்சுக்குங்க. "டிராக்டர்ல யாருடா டூர் போவா?"ன்னு சிரிச்சேன்.

ஞாயித்துக்கிழமை காலைல நங்கூரம் போட்டதும் அண்ணன் தண்ணியைப் பார்த்துட்டு சொன்னாரு: "தெண்டி ஓடுது தம்பி. முதல்ல தெக்கால போயிட்டு அப்புறம் வாங்க." தெண்டின்னா தெக்கேருந்து வடக்கே போற நீரோட்டம். எதிர்த்துப் போயிட்டு, திரும்பும்போது அதோட வாங்கன்னு அர்த்தம். பல வருஷம் கடல்ல கிடந்தவர் சொன்னது. நம்ம கைலதான் மோட்டார் இருக்கே! பாறை இருக்கிறது வடக்கே, வடக்கேதான் போனோம்.

15 மீட்டர் ஆழம். ஆறு நிமிஷம் சும்மா பறந்தோம். பேட்டரி சரிபாதி ஆனதும் திரும்பினேன். பாதி போக, பாதி வர. கணக்கு சரிதானே?

தப்பு. ஸ்கூட்டர் நிமிஷத்துக்கு 60 மீட்டர், நீரோட்டம் சுமார் 18. போகும்போது 78, ஆறு நிமிஷத்துல 468 மீட்டர். வரும்போது 42 தான். மிச்ச ஆறு நிமிஷத்துல 252 மீட்டர் வந்ததும் மோட்டார் நின்னு போச்சு. படகுக்கு இன்னும் 216 மீட்டர்.

காலை உதைச்சேன். கீழே ஒரு பாறை. ஒரு நிமிஷம் உதைச்சிட்டு பார்த்தா அதே பாறை. இன்னும் வேகமா உதைச்சேன். அதே பாறை. மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, காத்து மீட்டர் முள்ளு கண்ணு முன்னாலயே இறங்குது. கையில செத்துப்போன ஸ்கூட்டர் வேற பாரமா இழுக்குது. பயம்னா என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது மக்களே. எக்செல் ஷீட்ல அதுக்கு காலமே இல்லை.

நண்பன் பக்கத்துல வந்து தன் இடுப்புப் பட்டையைத் தட்டிக் காட்டினான். பிடிச்சுக்கிட்டேன். டிராக்டர் ரெண்டு பேரையும் இழுத்துது. மெதுவா, முக்கிக்கிட்டு, ஆனா இழுத்துது. சுமார் எட்டு நிமிஷத்துல நங்கூரக் கயிறு கண்ணுல பட்டுது. அப்போ என் சிலிண்டர்ல 40 பார். கயிறைப் பிடிச்சு நிதானமா மேல வந்தோம்.

அண்ணன் ஒண்ணும் கேக்கல. டீயை நீட்டினாரு. அது இன்னும் வலிச்சுது.

அன்னிக்கு ராத்திரி கணக்கை மறுபடி போட்டேன். மூணுல ஒரு பங்கு பேட்டரில திரும்பியிருந்தா நாலு நிமிஷத்துல 312 மீட்டர். திரும்பி வர ஏழரை நிமிஷம், கையில எட்டு நிமிஷ பேட்டரி இருந்திருக்கும். தட்டுத்தடுமாறி வந்திருப்பேன். குகைக்குள்ள டைவ் பண்றவங்க காத்துக்கு ரொம்ப நாளா வச்சிருக்கிற மூணுல ஒரு பங்கு விதிதான் இது. 2007 டிசம்பர்ல ஃப்ளோரிடாவுல ஜாரட் ஜப்லான்ஸ்கியும் கேஸி மெக்கின்லியும் டர்னர் சிங்க்ல இறங்கி, 80 மீட்டருக்கும் மேல ஆழத்துல கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் குகைக்குள்ளயே போய் வக்குல்லா ஊத்துல வெளிய வந்தாங்க. அந்தக் குகைகள்ல டைவ் பண்றவங்க ஓட்டுற ஸ்கூட்டர் போக மாத்து ஸ்கூட்டரையும் கூடவே இழுத்துக்கிட்டுப் போவாங்க. அவங்க முதல்ல கேக்குற கேள்வி "எவ்வளவு வேகம்?" இல்லை, "நின்னு போனா?"

எக்செல் ஷீட்டை இன்னும் அழிக்கல. வேகம்ங்கிற காலத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளிட்டேன். முதல் காலம் இப்போ இதுதான்: "இது செத்தா, என் காலாலயே வீட்டுக்கு வர முடியுமா?"

டிஸ்கி: நண்பனோட வண்டியை இனிமே கிழட்டு யானைன்னு கூப்பிடறதில்லை. யானையார்!