கேஸ்மென்ட் கொடுக்காத சாட்சியம்

குற்றவியல் வழக்கறிஞர்களுக்குத் தாங்கள் நடத்தாத வழக்கு ஒன்றும் மனத்தில் தங்கிவிடுவதுண்டு. எனக்கு அது 1916இல் லண்டனில் நடந்த ராஜத்துரோக வழக்கு. ஜூனியராக இருந்தபோது அதைப் படித்தேன். அதன்பிறகு எந்தக் கட்சிக்காரராவது தனக்குச் சாதகமான விஷயத்தைச் சொல்லவே மறுத்தால், எனக்கு ரோஜர் கேஸ்மென்ட் நினைவுதான் வரும்.

அவர் டப்ளின் அருகே பிறந்த ஐரிஷ்காரர், பிரிட்டிஷ் தூதரக அதிகாரி. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் காங்கோவில் ரப்பருக்காக மக்கள் சித்திரவதை செய்யப்பட்டதை 1904 அறிக்கையில் உலகத்துக்குச் சொன்னவர். பின்னர் அமேசானின் புட்டுமயோ பகுதிக்குப் போய் அதே கொடுமையை அங்கும் பதிவு செய்தார். 1911இல் 'சர்' பட்டம் கிடைத்தது. அந்தக் காடுகளில் பார்த்த அடிமைத்தனம்தான் சொந்த நாட்டையும் வேறு கண்ணால் பார்க்க வைத்தது. உலகப்போர் மூண்டதும் ஜெர்மனிக்குப் போனார். லிம்பர்க் முகாமில் போர்க்கைதிகளாக இருந்த ஐரிஷ் வீரர்களைப் பிரிட்டனுக்கு எதிரான ஒரு படையாகத் திரட்டப் பார்த்தார். அறுபது பேர்கூடச் சேரவில்லை.

1916 ஏப்ரல் 21, புனித வெள்ளி. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து கெர்ரி கடற்கரையில் இறங்கியவர், சில மணி நேரத்தில் பிடிபட்டார். அவர் எதற்காக வந்தார் என்பதில்தான் இந்த வழக்கின் உயிர் இருக்கிறது. ஜெர்மனியின் உதவி போதாது, இந்த நிலையில் அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகத் திட்டமிட்டிருந்த கிளர்ச்சி நடந்தால் வீணான சாவுதான் என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார். அதை நிறுத்தச் சொல்லத்தான் வந்தார். காவலில் தன்னைப் பார்க்க வந்த பாதிரியாரிடம் அதைச் சொல்லியும் அனுப்பினார்.

ஜூன் 26இல் விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பில் அட்டர்னி ஜெனரல் எஃப். இ. ஸ்மித். எதிரித் தரப்பில் வாதாட டப்ளினிலிருந்து சல்லிவன் வந்தார். வழக்கை ஏற்ற சொலிசிட்டர் கவன் டஃபி அதற்காகவே தன் நிறுவனத்தை விட்டு விலக நேர்ந்தது. சல்லிவன் பிடித்துக்கொண்டது 1351ஆம் ஆண்டு ராஜத்துரோகச் சட்டத்தின் வாசகத்தை: நாட்டுக்கு வெளியே செய்த செயல் அதற்குள் வராது என்பது அவர் வாதம். நீதிபதிகள் மூலச் சுருளையே எடுத்துப் பார்த்துவிட்டு அதை நிராகரித்தார்கள். கேஸ்மென்ட்டுக்கு இந்தப் பாதையே பிடிக்கவில்லை. செய்ததை ஒப்புக்கொண்டு, அயர்லாந்துக்காகச் செய்தேன் என்று நிமிர்ந்து சொல்ல விரும்பியவர் அவர்.

சாட்சியம் முடிந்ததும், சத்தியப் பிரமாணம் இல்லாமல் நீதிமன்றத்தில் பேசினார். நம் ஊரில் 2024 வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவின் கீழ் எதிரி சொல்லிவந்ததைப் போல. ஜெர்மன் பணம் வாங்கவில்லை என்று மறுத்தார். ஆனால் 'நான் கிளர்ச்சியைத் தடுக்க வந்தவன்' என்ற ஒரு வாக்கியத்தைத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்து வைக்கவில்லை. சட்டப்படி அது விடுதலை வாங்கித் தந்திருக்காது, ஜெர்மனியில் செய்தது செய்ததுதான். ஆனால் தண்டனைக் குறைப்புக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு இல்லை. அந்த மௌனத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: கிளர்ச்சி நடந்தே விட்டது, அதன் தலைவர்களை மே மாதமே சுட்டுக் கொன்றிருந்தார்கள். இப்போது வாயைத் திறந்தால், செத்தவர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு உயிர் பிழைப்பதாக ஆகும்.

அவருக்கு இன்னொரு மௌனமும் இருந்தது. அரசின் கைக்குக் கிடைத்த அவர் நாட்குறிப்புகளில் ஆண்களோடு கொண்ட உறவுகள் எழுதப்பட்டிருந்தன. ஆஸ்கார் வைல்டைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் அப்போதும் இங்கிலாந்தில் இருந்தது. சாவைவிட அந்தச் சட்டம் தரும் தீர்ப்புக்கு அவர் அதிகம் அஞ்சியிருப்பார் என்றே நினைக்கிறேன். மனநிலை சரியில்லை என்று வாதாட வழி கிடைக்கும் என்று அரசுத் தரப்பே அவற்றை நீட்டியது. சல்லிவன் பார்க்கக்கூட மறுத்தார். அந்த மறுப்புக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

நாட்குறிப்பு நீதிமன்றத்தில் ஆவணமாகக் குறியிடப்படவில்லை. குறுக்கு விசாரணை இல்லை, பதில் சொல்ல வாய்ப்பில்லை. ஆனால் அதன் பக்கங்களைப் பத்திரிகையாளர்களுக்கும் அமெரிக்கத் தூதருக்கும் காட்டினார்கள். எழுத்தாளர் கானன் டாயில் போன்றவர்கள் கருணை மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சாட்சியமாக வராத காகிதம் ஒரு மனிதனின் கழுத்தை இறுக்கியதை நினைத்தால் இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

மரண தண்டனைத் தீர்ப்புக்கு மறுநாளே 'சர்' பட்டம் பறிபோனது. ஜூலை 18இல் மேல்முறையீடு தள்ளுபடி. பிரபுக்கள் சபைக்குப் போக அட்டர்னி ஜெனரலின் சான்று தேவை. வழக்கை நடத்திய அதே ஸ்மித் அதைத் தர மறுத்தார். ஆகஸ்ட் 3ஆம் தேதி பென்டன்வில் சிறையில் தூக்கு.

அந்தப் பாதிரியாரை நான் கூண்டில் ஏற்றியிருப்பேனா? கட்சிக்காரர் வேண்டாம் என்றால் மாட்டேன். ஆனால் மேல்முறையீடு தோற்ற அன்று மாலை சிறைக்குப் போய், உள்துறைக்கு அனுப்பும் மனுவிலாவது அதை எழுத அனுமதி தாருங்கள் என்று கெஞ்சியிருப்பேன்.