மணிப்பூர் மட்டக் குதிரை

தைப் பொங்கல் வந்துவிட்டால் திருநகர்வாசிகளாகிய நமக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. முதல் நாள் பக்கத்து அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று காளைகளின் பின்னே மனம் ஓடும். அப்படிப் பழகிய கண்ணோடுதான் மணிப்பூரின் தலைநகரான இம்பாலுக்குப் போய், மாபல் காங்ஜெய்புங் என்ற புராதன மைதானத்தின் ஓரத்தில் நின்றோம்.

உலகம் போலோ என்று கொண்டாடும் ஆட்டத்துக்கு மெய்தெய் ஜனங்கள் இட்ட பெயர் சகோல் காங்ஜெய். சகோல் என்றால் குதிரை. கட்சிக்கு ஏழு பேர். தலையில் முண்டாசு, கையில் பிரம்புக் கோல். பந்து, மூங்கில் வேர்க்கட்டையில் செதுக்கியது. இலக்குக் கம்பங்கள் கிடையா. எதிர்க்கட்சியின் எல்லைக் கோட்டைப் பந்து தாண்டினால் வெற்றி. குதிரைகளோ நாலடிக்குச் சற்று ஏறக்குறைய நிற்கும் மட்டக் குதிரைகள். ஆனால் அவை திரும்பும் வேகத்துக்கு நம் கண் ஈடுகொடுக்கவில்லை! இவற்றுக்கும் ஆட்டத்துக்கும் அதிதேவதை, ஹெய்ங்காங் குன்றில் கோயில் கொண்ட மார்ஜிங்.

மணிப்பூரிகள் கச்சாரில் ஆடியதைக் கண்டு சொக்கிய வெள்ளைக்காரர்கள், 1859ல் சில்சாரில் ஒரு சங்கம் கூட்டினார்கள். 1862ல் கல்கத்தாவிலும் ஒன்று தோன்றிற்று. பிறகு ஆட்டம் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, கட்சிக்கு நால்வராகச் சுருங்கி, துரைமார் விளையாட்டென்று பெயரெடுத்தது. சிஷ்யர்கள் தந்த குருதக்ஷிணை என்ன தெரியுமா? 1891ல் மணிப்பூரின்மீது படையெடுத்து, பேர்பெற்ற ஆட்டக்காரரான வீர டிக்கேந்திரஜித்தை ஆகஸ்டு 13ந் தேதி இம்பாலில் ஜனங்களின் கண்ணெதிரே தூக்கிலிட்டார்கள். அந்த இடம் இன்று அவர் பெயர் தாங்கிய பூங்கா. மைதானத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

சுதந்திரம் போயும் ஆட்டம் போகவில்லை. இப்போதைய ஆபத்து வேறு. கால்நடைக் கணக்கின்படி 2003ல் 1,898 ஆக இருந்த குதிரைகள் 2012ல் 1,101 ஆகக் குறைந்தன. மேய்ச்சலுக்கிருந்த சதுப்பு நிலங்களைக் கட்டடங்கள் விழுங்க, தெய்வத்தின் வாகனம் தெருக் குப்பையில் வாய்வைக்கிறது. 2016ல் மாகாண சர்க்கார் குதிரைகளைக் காக்கத் திட்டம் வகுத்தது. ஆனால், புல்வெளியின்றித் திட்டம் என்ன செய்யும்?

2017 ஜனவரியில், ஆட்டம் நின்றால் நாட்டுக் காளையை வளர்ப்பார் இரார் என்று சொல்லி மதுரைச் சீமையே வீதிக்கு வந்தது. அந்தக் கவலை அறிந்த நமக்கு மணிப்பூரின் கவலை அந்நியமன்று. போலோ வெள்ளைக்காரன் ஆட்டமென்று நம் வீட்டுக் குழந்தைகள் சொன்னால் திருத்துவோம். சகோல் காங்ஜெய் என்ற பெயரையும், அந்த மட்டக் குதிரைக்குப் புல் தேவை என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.