ஸ்கேலோடு ஒரு ஹனிமூன்!

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஹனிமூன் போகிறவனை ஊர் இரண்டு விதமாகப் பார்க்கும். 'பாவம், இப்பத்தான் லீவு கிடைச்சிருக்கு' என்பது ஒன்று. 'என்ன தப்புப் பண்ணினானோ, தாஜா பண்ணக் கூட்டிட்டுப் போறான்' என்பது இன்னொன்று.

என் கேஸ் இரண்டிலும் சேராது. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன் நான். எனக்கு லீவு கொடுக்க ஆள் கிடையாது. (சம்பளம் கொடுக்கவும்தான்!) விஷயம் வேறு. மாமனார் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

என் மனைவி, தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயல்காரி. அவள் அப்பா வள்ளத்தில் போய்த் தூண்டில் போட்டே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மீன் இல்லாத சாப்பாட்டைப் 'பத்தியம்' என்று சொல்கிற வீடு. அப்பா போன நாளிலிருந்து அவள் மீன் வாங்கவும் இல்லை, சமைக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. கேட்டால், "வேண்டாம்னு இருக்குங்க" என்பாள். அதற்கு மேல் பேச்சு வராது. நானோ கும்பகோணத்து பி.காம். மீனுக்கு முள் உண்டு என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவன். ஆறுதல் சொல்ல எனக்கு எந்த முனையும் பிடிபடவில்லை.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில், கெய்ன்ஸ் என்ற ஊரில் வேலை பார்க்கும் மச்சினன்தான் போன் போட்டான். "அக்காவைக் கூட்டிட்டு வாங்க அத்தான். காரும் தூண்டிலும் நான் தர்றேன். ரெண்டு பேரும் ஆறு, அணை, கடல்னு பத்து நாள் சுத்துங்க."

இப்படியாக 2024 செப்டம்பரில் கெய்ன்ஸில் போய் இறங்கினோம்.

வெளிநாடு என்றே தோன்றவில்லை. அதே புழுக்கம், அதே மாமரம், நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடும் கார். மச்சினன் டிக்கியைத் திறந்து சாமான்களைக் காட்டினான். இரண்டு தூண்டில் கம்பு, ஒரு ஐஸ் பெட்டி, அப்புறம் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் பாய் ஒன்று. விரித்தால் பாய் முழுக்க சென்டிமீட்டர் கோடுகள்!

"இது எதுக்குப்பா, நான் படுக்கவா?"

"மீனைப் படுக்க வைக்க, அத்தான்."

அவன் விளக்கினான். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பொழுதுபோக்காகக் கடலிலும் ஆற்றிலும் தூண்டில் போட லைசென்ஸ் கிடையாது. ஆனால் எந்த மீன், எத்தனை செ.மீ., ஆளுக்கு எத்தனை என்பதற்குச் சட்டம் உண்டு. அளவு தப்பினால் அபராதம். பாரமுண்டி என்கிற மீன் 58 செ.மீ.க்குக் குறைந்தாலும் விட்டுவிட வேண்டும், ஆற்றிலும் கடலிலும் 120 செ.மீ.யைத் தாண்டினாலும் விட்டுவிட வேண்டும். இந்தக் கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை அதைப் பிடிக்கவே கூடாது. முட்டையிடும் காலம்.

தூண்டில் கடைச் சுவரில் அந்தப் பாரமுண்டியின் படம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. என் மனைவி நின்று பார்த்தாள்.

"ஏங்க... இது நம்ம கொடுவால்லா!"

ஒரு வருஷத்தில் மீனைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அது.

கொடுவாவேதான். விஞ்ஞானப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்: லேட்டஸ் கால்கரிஃபர். புன்னைக்காயல் கழிமுகத்தில் கொடுவா, இங்கே பாரமுண்டி. பாஸ்போர்ட் எடுக்காமலே இரண்டு நாட்டிலும் குடியிருக்கிற ஜாதி!

* * *

முதலில் டினரூ அணைக்கட்டு. மலை மேலே ஏற வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் பெருமைப்பட்டவன் நான். இந்த கில்லீஸ் சாலையில் 19 கிலோமீட்டருக்குள் 263 வளைவுகள் என்கிறார்கள். நாற்பதுக்கு மேல் நான் எண்ணவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். (கார் ஓட்டியது மனைவி. பயப்படாதீர்கள்.)

பாரன் ஆற்றை மறித்து 1958-ல் கட்டி முடித்த அணை இது. கொடுவா நன்னீரில் வளரும், ஆனால் முட்டையிட உப்புத் தண்ணீர் வேண்டும். அணைக்குள் மாட்டிக்கொண்ட கொடுவாவுக்குச் சந்ததி கிடையாது. அதனால் பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். நம்ம சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கொடுவாக் குஞ்சு பொரிக்க வைக்கிறது. அந்த மாதிரி. இங்கே தூண்டில் போடுகிறவர்கள் மட்டும் பர்மிட் வாங்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் அடுத்த குஞ்சு.

ராத்திரி பத்து மணிவரை நானும் கம்பை வீசினேன். ஒரு மரக்கிளை, என் சட்டைக் காலர், மறுபடி அதே மரக்கிளை. மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். கம்பைத் தொடவில்லை. ஆனால் என்னைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒரு வார்த்தை சொன்னாள்.

"இழுத்துக்கிட்டே இருக்கீங்களே... எங்கப்பா சொல்வாரு, மீனை விட்டுப் பிடிக்கணும்."

* * *

மறுநாள் கீழே இறங்கி டெயின்ட்ரீ ஆற்றுக்குப் போனோம். உலகத்தின் மிகப் பழைய மழைக்காடுகளில் ஒன்றுக்குள் ஓடும் ஆறு. பாலம் கிடையாது. இரும்புக் கயிற்றில் இழுபடும் மிதவையில் காரை ஏற்றி அக்கரைக்கு விடுகிறார்கள். கரை நெடுக மஞ்சள் போர்டு: முதலை! தண்ணீர் விளிம்பிலிருந்து 5 மீட்டர் தள்ளி நில், மீனைக் கரையிலேயே கழுவாதே, என்று புத்திமதிகள். நான் இருபது மீட்டர் தள்ளி நின்றேன். அங்கிருந்து தூண்டில் தண்ணீரை எட்டவில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே வழிகாட்டியோடு ஒரு படகை அமர்த்தினோம். படகுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அரை டிராயர், வெயிலில் வெந்த மூக்கு, குறைந்த பேச்சு. அலையாத்தி வேர்களுக்கு நடுவே படகை நிறுத்தி, உயிர் இறாலைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தார்.

அரை மணி நேரத்தில் என் கம்பு வளைந்தது! நான் போட்ட கூச்சலில் எதிர்க்கரை முதலை ஒன்று தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இழுத்துப் படகில் போட்டால், வெள்ளி மாதிரி மின்னுகிற கொடுவா. பாயை விரித்தார். அளந்தார்.

54.

"நாலு சென்டிமீட்டர்தானே சார்?" என்று நம்ம ஊர் பாணியில் சிரித்துப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "இவன் பையன். இன்னும் கல்யாணம் ஆகலை" என்று சொல்லி ஆற்றில் விட்டார்.

அப்புறம்தான் விளக்கம் வந்தது. சின்னக் கொடுவா எல்லாம் ஆண். ஆறேழு வயதாகி, 80 செ.மீ. போலத் தாண்டும்போது பெண்ணாக மாறும். மாறின பிறகு பல லட்சம் முட்டைகள் இடும். 58-க்குக் கீழே விடுவது, பையன் ஒருமுறையாவது குடும்பம் நடத்தட்டும் என்று. 120-க்கு மேலே விடுவது, அது பாட்டி என்று!

பி.காம். மூளைக்கு இது பளிச்சென்று புரிந்தது. வட்டியைச் சாப்பிடலாம், முதலை மட்டும் தொடக்கூடாது. (நான் சொல்வது அந்த முதலையை அல்ல!)

திரும்பிப் பார்த்தால் என் மனைவி கம்பை எடுத்திருந்தாள்.

அவள் வீசவில்லை. வேருக்குப் பக்கத்தில் மெல்ல இறக்கினாள். ஒரு விரலை நரம்பின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கைத்தூண்டில்காரர் மகள். படகுக்காரர் அந்த விரலைக் கவனித்தார். பேசாமல் என் கம்பைச் சுருட்டி ஓரமாக வைத்தார். (அவமானம்தான்.)

பதினைந்து நிமிஷம் கழித்து ஆறு வெடித்தது. தண்ணீருக்கு மேலே ஒரு பெரிய கொடுவா முழு உடம்போடு எழும்பித் தலையை உதறியது. நரம்பு கிறீச்சென்று ஓடியது. அவள் விட்டாள். அது நின்றது. இவள் இழுத்தாள். மறுபடி ஓடியது. மறுபடி விட்டாள். கன்னமெல்லாம் தண்ணீர். ஆற்றுத் தண்ணீரா, வேறா என்று நான் கேட்கவில்லை.

97 செ.மீ.

"சட்டப்படி இது உங்களுடையது. வெச்சுக்கலாம்" என்றார் படகுக்காரர், வலைக்குள் தண்ணீரிலேயே மீனைப் பிடித்தபடி.

மனைவி என்னிடம் கேட்டாள். "இது பொம்பளையான்னு கேளுங்க."

"அநேகமாக ஆமாம்" என்றார்.

அவள் குனிந்து, ஒரு கையை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்துக் கொஞ்ச நேரம் அப்படியே தாங்கிக்கொண்டிருந்தாள். மீன் வாலை ஒருமுறை அசைத்தது. கையை எடுத்தாள். போய்விட்டது.

படகு திரும்பும்போது சொன்னாள். "அப்பா கடைசிக் காலத்துல சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. 'சினைக் கொடுவாவை எல்லாம் நாங்களே பிடிச்சு வித்துட்டோம். இப்ப கழிமுகத்துல குஞ்சைக்கூடக் காணோம்'னு. அந்தக் காசுலதான் நான் காலேஜ் படிச்சேன். அதை நெனச்சாத்தான்... மீனைச் சாப்பிட முடியலை."

ஒரு வருஷமாக நான் துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் துக்கமில்லை. கடன்.

* * *

அடுத்து போர்ட் டக்ளஸ் ஊரிலிருந்து பவளப்பாறைக்கு. கிரேட் பேரியர் ரீஃப் 2,300 கி.மீ. நீளம், ஏறக்குறைய 3,000 தனித்தனிப் பாறைத் திட்டுகள். படகு கேப்டனின் திரையில் கடலே கலர் கலராகத் தெரிந்தது. பச்சைக் கலருக்குள் தூண்டிலே போடக்கூடாது. 2004-லிருந்து மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பச்சை.

பச்சைக்கு வெளியே போட்டோம். வந்ததெல்லாம் சொந்தக்காரர்கள்! "இது செப்பிலி, இது பாறை, இது களவா குடும்பம்" என்று மனைவி பெயர் சொல்லச் சொல்ல, கேப்டன் இங்கிலீஷ் பெயர் சொன்னார். சிவப்பாக ஒன்று வந்தது. உடனே தூக்கிப் போட்டுவிட்டார். ரெட் பாஸ். சிகுவாட்டெரா என்ற விஷம் அதில் சேர்ந்திருக்கலாம். வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாதாம். அதைப் பிடித்து வைத்துக்கொள்வதே சட்ட விரோதம்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளும் எட்டிப் பார்த்தோம். சில இடத்தில் பட்டுப்புடவைக் கடை. சில இடத்தில் பாசி படர்ந்த செத்த கிளைகள். கடல் சூடேறி 2016, 2017, 2020, 2022, 2024 என்று ஐந்து முறை பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. மீனை அளக்கலாம், வெயிலுக்கு ஸ்கேல் ஏது? இத்தனை சட்டம் போட்ட ஊருக்கும் அது ஒரு கடன்தான்.

மனைவி மெதுவாகச் சொன்னாள். "எங்க ஊர்லயும் இப்படித்தான் இருந்திருக்கும். அப்பா சின்ன வயசுல கடல்ல பவளக்கல்லு வெட்டி வள்ளத்துல ஏத்தியிருக்காரு. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும்."

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிப் போனதற்கு அந்தக் கல் வெட்டியது ஒரு முக்கியக் காரணம். 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் கொஞ்ச காலம் வெட்டு ஓயவில்லை. வெட்டினவருக்கு அன்றைக்கு அது கூலி. வேறு கணக்கு எழுத யாரும் சொல்லித் தரவில்லை.

* * *

கடைசியாக குக்டவுன். கெய்ன்ஸிலிருந்து உள்வழியாகச் சுமார் 330 கி.மீ. 1770-ல் கேப்டன் குக்கின் 'எண்டெவர்' கப்பல் பவளப்பாறையில் மோதி ஓட்டையாகி, இந்த ஆற்றோரம்தான் ஏழு வாரம் ரிப்பேருக்கு நின்றது. 'கங்காரு' என்ற வார்த்தையே இங்குள்ள பூர்வகுடிகளான கூகு யிமிதிர் மக்களிடம் வெள்ளைக்காரர்கள் கற்றதுதான்.

எனக்குப் பிடித்தது இன்னொரு கதை. குக்கின் ஆட்கள் ஒரு டஜன் ஆமைகளைப் பிடித்துக் கப்பலில் அடுக்கியிருந்தார்கள். வந்து பார்த்த ஊர்க்காரர்கள், ஒன்றையாவது கொடு என்றார்கள். மாட்டோம் என்றார்கள் இவர்கள். கோபத்தில் முகாமைச் சுற்றியிருந்த புல்லுக்குத் தீ வைத்துவிட்டார்கள். குக் துப்பாக்கியால் சுட்டார், ஒருவருக்குக் காயம். அப்புறம் ஒரு பெரியவர் முனை ஒடிந்த ஈட்டியோடு வந்து சமாதானம் பேசினார். ஆக, இந்தக் கரையில் 'அளவுக்கு மேலே எடுக்காதே' என்று சொன்னது ஸ்கேல் வருவதற்கு வெகு காலம் முந்தியே.

அந்த ஊர்ப் படகுத்துறையில் உட்கார்ந்து சாயங்காலம் தூண்டில் போட்டோம். மனைவிக்கு ஒரு பாறை மீன். நடுத்தரம். சட்டமும் சரி என்றது, அவளும் சரி என்றாள். பூங்காவில் யாரும் இலவசமாகச் சமைத்துக்கொள்ளலாம் என்று மின்சார அடுப்பு வைத்திருக்கிறார்கள். மச்சினன் கட்டிக்கொடுத்த மசாலாவைத் தடவி அதில் போட்டாள். முதல் துண்டைக் கையில் எடுத்து, கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் சாப்பிட்டாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன்.

"முள்ளை எடுக்கத் தெரியாதவங்க உப்பைப் பத்திப் பேசக் கூடாது!"

ஒரு வருஷம் கழித்து வீட்டுக்குத் திரும்பிய குரல் அது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில் மீன் உண்டு. ஆனால் மார்க்கெட்டில்தான் தகராறு. போன வாரம் கொடுவா கேட்டாள். மீன்கார ஆயா அரை முழத்தில் ஒன்றை எடுத்துப் போட்டாள். என் மனைவி கைப்பையைத் திறந்து டெய்லர் டேப்பை எடுத்து, தலையிலிருந்து வால்வரைக்கும் அளந்து, "வேண்டாம்" என்று தள்ளிவிட்டாள்.

ஆயா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"ஏன் சார், உங்க வீட்டம்மா மீனுக்கு ரவிக்கை தைக்கப் போவுதா?"