செம்பும் இரப்பர்ப் பாலும்

இரப்பர்ப் பாலைச் செம்புக் கலத்திலோ பித்தளைக் கலத்திலோ வைத்தல் ஆகாது என்பது இரப்பர்த் தொழிலின் பழைய விதி. கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பேறு எனக்கு வாய்த்தது. அவ்விதிக்குள் வேதியியலின் அரியதோர் இயல் அடங்கியிருப்பதை அவர்களுக்கு எடுத்துரைத்தல் ஆசிரியராகிய நம் கடமை எனக் கருதுகிறேன்.

மங்கில் சேரும் பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும். அதைத் தடுக்க அம்மோனியா சேர்ப்பர். அந்த அம்மோனியா செம்பைக் கண்டால் வாளா இராது. காற்றின் துணைகொண்டு அதனைச் சிறுகச் சிறுகக் கரைக்கும். ஒரு செம்பு அயனியை நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்க, கரைசல் ஆழ்ந்த நீல நிறம் கொள்ளும். நடுவில் உலோகம், சுற்றிலும் தம் எலெக்ட்ரான் இணைகளை அதற்கு ஈயும் மூலக்கூறுகள். இத்தகைய அமைப்பே அணைவுச் சேர்மம். ஈயும் மூலக்கூற்றை ‘ஈனி’ என்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்குகின்றன.

கரைந்த செம்பால் விளையும் கேடு யாது? இடைநிலை உலோகங்கள் ஓர் எலெக்ட்ரானை எளிதில் இழக்கவும் ஏற்கவும் வல்லவை. செம்பு அவ்வாறு மாறி மாறி, ஆக்சிஜன் இரப்பரைத் தாக்கும் வினையை விரைவுபடுத்துகிறது. நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுபட, இரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். ஆகவேதான் செறிவூட்டிய பாலின் ஒரு கிலோகிராம் திண்மப் பொருளில் செம்பு 8 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என அனைத்துலகத் தரவிதி வரையறுக்கிறது.

இரப்பருக்குப் பகையான இத்தன்மையே உயிருக்கு உறவாகவும் நிற்கிறது. நம் குருதியில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பின் அணைவு; பி12 உயிர்ச்சத்தின் நடுவே வீற்றிருப்பது கோபால்ட்டு.

இவ்வமைப்பை உலகுக்கு விளக்கியவர் ஆல்ஃபிரட் வெர்னர். கோபால்ட்டும் அம்மோனியாவும் கூடிய சேர்மங்களின் புதிரை விடுவிக்கும் கொள்கையை அவர் 1893இல் வெளியிட்டபோது அவருக்கு அகவை 26. சோதனைச் சான்றுகளைப் பின்னர்ப் பல்லாண்டு உழைத்துத் திரட்டினார். 1913இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று செல்லும் மாணவன், நான்காம் படிவத்தில் செம்பு உப்புக் கரைசலில் அம்மோனியாவை மிகுதியாக ஊற்றி அதே நீலத்தைக் காண்பான். பாடமோ மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். வேதியியல் தனக்கு அயலானது என்று அஞ்சி, தூய அறிவியல் துறையையே கைவிடும் பிள்ளைகள் நம்மிடையே உளர். தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளில், பாட்டன் பாட்டியரின் தொழிலறிவும் அவர்களைச் சென்று சேர்வதில்லை.

ஆறாம் ஆண்டு அறிவியல் வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். இரப்பர்ப் பாலுக்குச் செம்பு ஏன் ஆகாது என்பதைத் தெளிந்த தமிழில் சொல்லி வைப்போம். பின்னாளில் அந்த நீலத்தைக் காணும் பிள்ளை, ‘இதை நான் முன்பே அறிவேன்’ என்று நிமிர்ந்து நிற்கட்டும்.