சுவிச்சைப் போடமுன்

பழைய கணினி ஒன்று கைக்கு வந்தால் எவரும் முதலில் பிளக்கைச் செருகிப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். கொக்குவிலில் நான் சந்தித்த அண்ணைக்கு அந்த ஆசையே ஆகாது. "பத்திருபது வருசமாக் கரண்ட் காணாத மெசின். எடுத்த எடுப்பிலை சுவிச்சைப் போட்டா, பழுதானதோடை நல்லா இருக்கிறதும் சேந்து எரியும்" என்றார். தன் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

காங்கேசன்துறை வீதியிலிருந்து புகையிரத நிலையப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய வீடு. பின்வளவில் ஒரு நீளக் கொட்டில். கொக்குவில், கொண்டாவில், தாவடி எல்லாம் ஒருகாலம் சுருட்டுக்குப் பேர்போன இடங்கள். அந்தக் கொட்டிலிலும் முன்பு சுருட்டுச் சுற்றினார்களாம். இப்போது அங்கே சோல்டரிங் அயனும் மல்ரிமீற்றரும் வயிறு திறந்த கணினிகளும். தொழிலுக்காக அவர் திருத்தியது றேடியோ. கணினி, ஓய்வுக்குப் பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம்.

மேசையில் கிடந்தது ஒரு 386. வலிகாமத்து அச்சகம் ஒன்றில் வேலைசெய்த மெசின். தொண்ணூறுகளின் கடைசியில், ஏ-9 பாதை மூடிக் கிடந்த காலத்தில், கப்பலில் வந்து இறங்கியதாம். கூடவே ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய பிளொப்பி டிஸ்க்குகள். ஆனால் அண்ணை முதலில் எடுத்தது ஒரு பலகையை. அதில் ஒரு ஹோல்டர், ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்ப். கணினியின் பவர் சப்ளைக்குப் போகும் மின்சாரம் இந்தப் பல்பைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரிந்து அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். பவர் சப்ளை தப்பிவிடும். பழுதில்லை என்றால் ஒருகணம் மின்னிவிட்டு மங்கும். அதற்குப் பிறகும் மதர்போர்ட்டை இணைக்க மாட்டார். 5 வோல்ட், 12 வோல்ட் கம்பிகளில் ஒரு சுமையைக் கொடுத்து, அளவு சரியாக நிற்கிறதா என்று பார்ப்பார். எல்லாரும் எல்.ஈ.டிக்கு மாறிவிட்டதால் இப்போது அந்தக் குண்டு பல்ப் தேடுவதுதான் பெரிய பாடு என்று அலுத்துக்கொண்டார்.

இந்த நிதானம் புத்தகம் படித்து வந்ததல்ல. 1990 ஜூனில் மறுபடி யுத்தம் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்ட காலம் அது. டைனமோ தருவது ஏ.சி. அதை டயோட்டால் திருத்தி, கண்டென்சரால் சமப்படுத்தினால்தான் றேடியோ இரையாமல் பேசும். அந்த டயோட்டும் கண்டென்சரும் கடையில் இல்லை. செத்த றேடியோவில் இருந்து கழற்ற வேண்டும். கழற்றும்போது கால் முறிந்தால் மாற்றுக்கு வேறொன்று கிடையாது. "ஒண்டு எரிஞ்சா அவ்வளவுதான் தம்பி. அதாலை எரியாமல் பாக்கப் பழகீட்டம்." கொட்டிலின் ஒரு பக்கம் முழுவதும் பால்மாத் தகரங்கள், ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பது என்னவென்று எழுதி ஒட்டியிருந்தது.

மேலை நாடுகளில் இந்தப் பொழுதுபோக்கு பெரும்பாலும் பால்யத்திலிருந்து தொடங்குகிறது. 1982இல் வந்த சின்கிளயர் ஸ்பெக்ட்ரமையோ கொமடோர் 64ஐயோ சிறுவயதில் விளையாடியவர்கள், தலை நரைத்த பிறகு அதையே வாங்கித் திருத்துகிறார்கள். இங்கிலாந்தின் பிளெச்லி பார்க்கில் உள்ள கணினி அருங்காட்சியகம், 1951ஆம் ஆண்டின் ஹார்வெல் டெக்கட்ரோன் கணினியை 2012இல் மீண்டும் ஓடவைத்தது. நம்முடைய நாட்டிலும் அந்தக் காலத்தில் கணினி இல்லாமல் இல்லை: 1983இல் கொழும்பிலிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், கேப்ரோ கணினி ஒன்றின் வழியாக லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்த பட இயக்குநர் ஒருவரோடு கடிதம் பரிமாறினார். ஆனால் கொக்குவிலில் அப்போது பிள்ளையாக இருந்தவர்களில் எத்தனை பேர் ஒரு கணினியைத் தொட்டிருப்பார்கள்? ஏங்குவதற்கு அவர்களுக்குப் பழைய மெசின் இல்லை. இங்கே ஒரு 386ஐத் திருத்துவதற்குக் காரணம், பக்கத்தில் இருந்த அந்தப் பிஸ்கட் பெட்டிதான்.

கணினியின் மூடியைக் கழற்றியதும் வருத்தம் தெரிந்தது. மதர்போர்ட்டில் ஈயத்தால் ஒட்டியிருந்த பீப்பா வடிவப் பற்றரி கசிந்து, சுற்றிலும் பச்சைப் பூஞ்சணம்போல் படர்ந்திருந்தது. நிக்கல்-கட்மியம் பற்றரி, கசிவது காரம். செம்புக் கோடுகளை அரித்துவிடும். அண்ணை பற்றரியை வெட்டி எடுத்துவிட்டு, பல்துலக்கும் பிறஷ்ஷில் வினாகிரி தொட்டுத் தேய்த்தார். வினாகிரி இல்லாத நாளில் தேசிப்புளி. பிறகு கழுவ வேண்டும். இதில்தான் யாழ்ப்பாணம் குறுக்கே நிற்கிறது: சுண்ணாம்புக் கல் மண், கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் விட்டுப்போகும். அதனால் அவர் வாகனத்துக்கு விடுகிற பற்றரித் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார், அதன்மேல் அற்ககோல்.

கோடுகளைச் சோதிக்கிற வேலை மருமகனுடையது. பொறியியல் படிக்கிற பொடியன். பூதக்கண்ணாடியோடு குனிந்து, மல்ரிமீற்றரின் இரு முனைகளையும் வைத்துக்கொண்டே போனான். சத்தம் வந்தால் கோடு இருக்கிறது. வராத இடங்களில், பழைய கொயில் ஒன்றிலிருந்து உருவிய எனாமல் கம்பியை மாமா பற்றவைத்தார். கை நடுங்கவில்லை. ஈயப்புகைக்கு மட்டும் கண்ணைச் சுருக்கினார்.

வெளிப்பெட்டியின் மஞ்சளைப் பற்றி மாமனுக்கும் மருமகனுக்கும் வாக்குவாதம். பிளாஸ்ரிக்கில் ஹைட்ரஜன் பெரொக்சைட்டைப் பூசி வெயிலில் வைத்தால் பழைய நிறம் திரும்பும். உலகமெங்கும் செய்கிறார்கள், யாழ்ப்பாணத்து வெயிலுக்குச் சொல்லவும் வேண்டாம். மாமாவுக்கு அது வீண்வேலை. நானும் அவர் பக்கம்தான். உழைத்த மெசினுக்கு வெள்ளையடித்து என்ன காணப்போகிறோம்?

மெசின் எழும்பியது. திகதி 1980 ஜனவரி 1 என்று காட்டியது. பற்றரி இல்லாததால் தனக்கு ஹார்ட் டிஸ்க் இருப்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்து, எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டர் என்று பொடியன் தட்டச்சுச் செய்துகொடுத்தான். விண்டோஸ் 3.1 வந்தது. பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கரும் இருந்தது.

இந்தக் கிழட்டு மெசின்தான் வேண்டுமென்பதற்குக் காரணம் அந்தப் பேஜ்மேக்கர். அச்சகத்தார் பாமினி எழுத்துருவில் அடித்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அதையாவது யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். பழைய பேஜ்மேக்கர் கோப்பை இன்றைய கணினிகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பிஸ்கட் பெட்டி டிஸ்க்குகளில் இருந்தவை பெரும்பாலும் நினைவு மலர்கள். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கிற புத்தகங்கள்: தேவாரம், ஒரு வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி. யார் எந்த ஊரில் கலியாணம் முடித்தார், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து காணி உறுதியும் படமும் தொலைத்த குடும்பங்களுக்கு இது சின்ன ஆவணம் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. ஆனால் தாளில் ஒரு பிரதியும் மிஞ்சாததை எப்படி ஸ்கான் செய்வது?

சில டிஸ்க்குகளில் பூஞ்சணம். அப்படியே போட்டால் ட்ரைவின் ஹெட் அழுக்காகி அடுத்த டிஸ்க்கையும் கீறிவிடும். பொடியன் உறையைப் பிரித்து, உள்ளிருந்த மெல்லிய தட்டை அற்ககோலால் துடைத்து, நல்ல உறை ஒன்றுக்குள் மாற்றினான். பிறகு கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகையைப் பழைய ட்ரைவோடு இணைத்து, தன் லப்டொப்பில் வாசித்தான். அது கோப்பைத் தேடுவதில்லை. தட்டில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிந்துகொள்கிறது. வாசிக்க முடியாத செக்டர்களைப் பிறகு ஆறுதலாக ஆராயலாம். சில முழுதாக வந்தன. சிலதில் பாதி. மூன்றை மாமா தனியே எடுத்து ஒரு தகரத்தில் போட்டு மூடினார். இன்னும் நல்ல ட்ரைவ் ஒன்று கிடைக்கட்டும், அதுவரை தொடக்கூடாதென்று மருமகனுக்குக் கட்டளை.

பின்னேரம் அச்சகத்து ஐயா வந்தார். திரையில் தன் பழைய பக்கங்களைப் பார்த்தவர் முதலில் சொன்னது, "இதிலை ஒரு எழுத்துப்பிழை கிடக்கு". பிறகு எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டார். அண்ணை காசு வேண்டாமென்று கையை ஆட்டினார்.

"உங்கடை அச்சகத்திலை இன்னொரு செத்த மெசின் நிண்டதெல்லே? அதைத் தாங்கோ. திருத்தேலாட்டியும் சாமான் கழட்டலாம்."